அண்ணி வீட்டுக்கு மூன்று மார்க்

என் கணவர் எந்த முடிவையும் கட்டம் போட்டுத்தான் எடுப்பார். துணி துவைக்கும் இயந்திரம் வாங்க ஒன்பது கட்டம் போட்டார். கார் வாங்காமல் இருக்கப் பதினான்கு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் போட்டாரா என்று ஒருமுறை கேட்டேன். "அப்ப எங்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல" என்றார். அதை இல்லை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவே, ஜெர்மனியிலேயே இருப்பதா, இந்தியாவுக்குத் திரும்புவதா என்ற கேள்வி வந்தபோது அவர் இருபது கட்டம் போட்டதில் ஆச்சரியம் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனவே நானும் மூன்றரை வயது மகள் யாழினியும் போய், அங்கே இருந்து பார்த்து, மார்க் போட்டு வருவதென்று முடிவானது. தண்ணீர், மின்சாரம், காற்று, இரைச்சல், நடைபாதை, பள்ளி, மருத்துவர் என்று தொடங்கி இருபதாவதாக 'உறவினர்' வரை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். ஒரு தாளில் இரண்டு நாடுகள், பக்கத்துக்குப் பக்கம்.

"எது ஜாஸ்தியோ அங்க இருப்போம். முடிவு உன் கைல" என்றார்.

அந்த வார்த்தையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. யாழினிக்குப் பத்து வயதில் இளைப்பு வந்தால், காற்றுக்கு நான் தாராளமாகப் போட்ட மார்க்தான் காரணம் என்று ஆகும். இந்தியாவுக்கு வராமலே இருந்துவிட்டாலோ, 'பாவம், சொந்தபந்தம் தெரியாமல் வளர்கிறாள்' என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் நான்தான். விமானத்தில் அந்தத் தாளை மூன்று முறை எடுத்துப் பார்த்து மூன்று முறை உள்ளே வைத்தேன்.

எனக்கும் பெங்களூர் புது ஊர். நான் திருவண்ணாமலைப் பக்கம் பிறந்து வளர்ந்து, கல்யாணமான கையோடு ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனவள். பெங்களூரில் இருப்பது என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியும் அவர் கணவரும் பதினெட்டு வருடமாக அடுகோடியில் இருக்கிறார்கள். கீழே அவர் கணவரின், நான் அண்ணன் என்று கூப்பிடுபவரின், லேத் பட்டறை. மேலே வீடு. வீட்டின் முன்னறையில் அண்ணியின் தையல் மிஷின்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். பட்டறைக்கு அன்று லீவு. யாழினி தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழே இரும்பு கடைய ஆரம்பித்தார்கள். தரை அதிர்ந்தது. டம்ளர்கள் அலமாரியில் தாமாக நகர்ந்தன. இரைச்சல் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட பேனாவை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் யாழினி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பதினொரு மணிக்கு டீ குடிக்க லேத்தை நிறுத்தினார்கள். உடனே எழுந்து வீறிட்டு அழுதாள். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து லேத்தைப் போட்டார். மறுபடி தூங்கிவிட்டாள்.

நாங்கள் இருக்கும் ஊரில் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் போடக்கூடாது. ஞாயிறு முழுக்கக் கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. கண்ணாடி உடையும் சத்தம் ஓய்வைக் கெடுக்குமாம். எங்கள் கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் கதவில் சீட்டு ஒட்டினார்: உங்கள் குழந்தை இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஓடியது. அன்றிலிருந்து யாழினிக்கு வீட்டுக்குள் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. அந்த அமைதியில் அவள் ஒருநாளும் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை.

இரைச்சல் இருக்கும் ஊருக்கு எவ்வளவு, இல்லாத ஊருக்கு எவ்வளவு? இரண்டுக்கும் இரண்டு போட்டேன். நியாயமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீரும் மின்சாரமும்.

"தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வரும்" என்றார் அண்ணி பெருமையாக. பிறகு விவரம் சொன்னார். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்தால் கீழே தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றவேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வரும் நேரம் தண்ணீர் வராது. இரண்டும் வரும் நேரம் அண்ணி கோயிலுக்குப் போயிருப்பார். இரண்டும் வராவிட்டால் லாரியைக் கூப்பிடவேண்டும். "ஆனா கொழாயத் தொறந்தா வரும் பாரு!" என்று குழாயைத் திறந்து காட்டினார். வந்தது.

ஜெர்மனியில் குழாயில் எப்போதும் வரும். ஆனால் இரவு பத்துக்கு மேல் குளிக்கக்கூடாது என்று வீட்டு விதிமுறையில் இருக்கிறது. எனவே அங்கேயும் இருபத்துநான்கு மணி நேரம் இல்லை. ஒரு மார்க் குறைத்தேன்.

மின்சாரத்துக்கு அண்ணனிடம் கேட்டேன். "இங்க கரண்ட் எப்படிண்ணா?"

"பரவால்லமா" என்றார். சொல்லும்போது கரண்ட் இல்லை. ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

பரவாயில்லை என்பதற்கு எத்தனை மார்க் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. கல்யாணச் சாப்பாடு பரவாயில்லை என்றால் நான்கு. மாப்பிள்ளை பரவாயில்லை என்றால் மூன்று. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் பரவாயில்லை என்றால் அது ஒன்றுகூட இல்லை. பால் பூத்தில் இருந்தவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் கன்னடத்தில் "பரவாகில்லா" என்றார். மொழி மாறினால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்தது தவறு. மருத்துவர் பரவாயில்லை, நடைபாதை பரவாயில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன வாரம் பிறந்த குழந்தை பரவாயில்லை. எங்கள் கீழ்வீட்டு அம்மாளிடம் நலமா என்று கேட்டால், இடது முழங்காலில் காலை ஆறிலிருந்து ஏழரைவரை வலி, மற்றபடி நலம் என்பார். அவரை எளிதாகக் கட்டத்தில் அடைக்கலாம்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'மின்சாரம்: பரவாயில்லை' என்று கணவருக்கு ஈமெயில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. 'ரெண்டா, மூணா?'

புதன்கிழமை நடைபாதையைப் பார்க்கக் கிளம்பினோம். ஓசூர் ரோட்டைக் கடக்கவேண்டும். அங்கே நடப்பவர்களுக்கு ஒரு சிக்னல் கம்பம் உண்டு. அதில் விளக்கு எரிவதில்லை. எல்லோரும் கையைக் காட்டிக்கொண்டே பஸ்களுக்கு நடுவில் இறங்கிப் போனார்கள். நானும் இறங்கினேன். யாழினி வரவில்லை.

"பச்சை மனுஷன் வரல" என்றாள்.

ஜெர்மனியில் அவளுடைய பள்ளியில் முதல் வாரமே கற்றுக்கொடுத்தது அது. பச்சை மனிதன் தெரியாமல் இறங்கக்கூடாது. நடுராத்திரியில் காலியான தெருவிலும் கூடாது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தூக்கினேன். "அம்மா தப்பு பண்றா! அம்மா தப்பு பண்றா!" என்று முதலில் தமிழிலும், யாருக்கும் புரியாவிட்டால் என்ன செய்வது என்று பிறகு ஜெர்மனிலும் கத்தினாள். இறக்கிவிட்டேன். கால் மணி நேரம் நின்றோம். அவள் சொல்வது சரி என்பதுதான் எனக்குச் சங்கடம். இங்கே பிழைக்கவேண்டுமானால் இந்தச் சரியை நானே அவளிடமிருந்து பிடுங்கவேண்டும்.

பக்கத்தில் கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, கொயந்த கம்பத்த உட மாட்டேன்னுது? பயப்புடுதா?"

"பயமில்லம்மா. பச்சை வெளக்கு வந்தாதான் வருவாளாம்."

"இந்த வெளக்கா? இது எரிஞ்சி நான் பாத்ததே இல்ல. நீலசந்திராலர்ந்து தெனம் வந்து இங்கதான் குந்திகினு கீறேன்." யோசித்தார். பிறகு ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்துக்கொண்டு நேராக ரோட்டில் இறங்கினார். ஒரு கம்பெனி பஸ், இரண்டு லாரி, எண்ணற்ற ஸ்கூட்டர்கள். கீரையைத் தலைக்குமேல் உயர்த்தினார். "டேய், நில்லுங்கடா! கொயந்த வருது!" எல்லாம் நின்றன.

"பச்ச வந்துச்சி பாரு கண்ணு, நட!"

யாழினி கீரையைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கால் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது. திருப்தியாகி நடந்தாள். திரும்பி வரும்போதும் அவரையே கூப்பிடவேண்டியிருந்தது. நடைபாதை என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று அன்றிரவு வெகுநேரம் யோசித்து, ஒன்று போட்டேன். நடைபாதை இல்லைதானே. ஜெர்மனிக்கு நான்கு. பனிக்காலத்தில் வீட்டு வாசல் நடைபாதையில் காலை ஏழு மணிக்குள் நாமே பனியைத் தள்ளவேண்டும் என்பதால் ஒன்று குறைவு.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம். எல்.கே.ஜி.க்கு நேர்முகத் தேர்வு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை நல்லவராகத்தான் தெரிந்தார். படங்களைக் காட்டி யாழினியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நாய் எப்படிக் கத்தும்? "வவ் வவ்" என்றாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். சேவல் எப்படிக் கூவும்?

"கிக்கெரிக்கி."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"அந்த ஊர்ச் சேவல் அப்படித்தான் கூவும், மேடம்" என்றேன்.

"எங்கள் சிலபஸில் அப்படி இல்லையே" என்றார். யாழினியிடம் கொக்கரக்கோ என்று தமிழிலாவது சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் அதைவிடச் சத்தமாகக் கிக்கெரிக்கி என்றாள். இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்திருக்கவேண்டும் என்றும் சொன்னார். அப்போது இவளுக்கு ஒன்றரை வயதுதானே என்றேன். பிறப்பதற்கு முன்பே வந்து விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். சேவல் விஷயத்தைக் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார்.

ஜெர்மனியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுமே படிப்பதில்லை. நான் ஒருநாள் அழைக்கப் போனபோது யாழினி கையில் ஒரு நிஜமான ரம்பம் இருந்தது. மரக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் கேட்டால், அவளுக்கு ஆர்வம் இருக்கிறது என்றார்கள். அ, ஆ எப்போது கற்றுத்தருவீர்கள் என்றேன். ஆறு வயதில் என்றார்கள். இங்கே சேவலில் தோற்பது, அங்கே ரம்பத்தில் தேறுவது. இரண்டு பள்ளிக்கும் இரண்டிரண்டு.

சனிக்கிழமை நடந்ததற்குக் கட்டமே இல்லை.

ரவிக்கைக்கு உள்துணி வாங்கிவரச் சொல்லி அண்ணி என்னைச் சிவாஜிநகருக்கு அனுப்பியிருந்தார். வாங்கிக்கொண்டு, யாழினியோடு ஆட்டோ ஏறி அடுகோடி என்றேன். ஆட்டோ எங்கெங்கோ திரும்பி, ஒரு சந்துக்குள் போய் ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, எங்கள் ஸீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கனத்த பையை எடுத்தார்.

"என்னங்க இது? எங்க வந்திருக்கோம்?"

"நம்ம வூடு மேடம். கறி மேடம். கர்மி ஜாஸ்தி, இந்த வெயில்ல கெட்டுப் பூடும். அஞ்சே நிமிஷம்."

"நான் அடுகோடின்னுதானே சொன்னேன்?"

"அடுகோடிதான் மேடம் போறோம். நடுவுல கறி."

நான் சண்டை போடத் தெரிந்தவள் என்று எனக்கே தெரியாது. ஆட்டோவிலிருந்து இறங்கினேன். குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஏறியிருக்கிறாள், கேட்காமல் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவீர்களா, நான் என்ன நினைப்பேன் என்று ஆரம்பித்தேன். அவர் கன்னடத்தில் பதில் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். அவர் தங்கள் வீட்டு உருதுக்கு மாறினார். ஒரு வார்த்தை வீணாகவில்லை. எல்லாம் அவருக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. பச்சைக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "பொம்பளைங்க ஏறின வண்டிய ஊட்டுக்கு ஓட்டினு வருவியா? அக்ல் கீதா உனுக்கு, புத்தி கீதா?" என்று அவர் தலையிலேயே ஒரு தட்டு. பிறகு கறிப்பையைத் திறந்து பார்த்து, எலும்பு ஜாஸ்தி என்று தனியாக ஒரு சண்டை. யாழினிக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து உள்துணியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அன்று மதியம் நான்கு வருடத்தில் தூங்காத தூக்கம் தூங்கினேன்.

கீழ்வீட்டு அம்மாள் சீட்டு ஒட்டியபோது நானும் பதில் சொல்ல நினைத்தவள்தான். அகராதியை வைத்துக்கொண்டு ஐந்து வாக்கியம் எழுதினேன். வினைச்சொல் கடைசியில் வரவேண்டிய இடத்தில் வருகிறதா என்று பார்த்தேன். மனப்பாடம் செய்து, மூன்றாம் நாள் படி இறங்கினேன். அவர் பெட்டியோடு சுற்றுலா கிளம்பிக்கொண்டிருந்தார். "நல்ல பயணம்" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அந்த ஐந்து வாக்கியமும் இன்னும் எனக்குள்தான் இருக்கின்றன.

திங்கட்கிழமை வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்ட வீட்டுக்காரரிடம் ஒரு சண்டை. அன்று மாலையே தண்ணீர் லாரிக்காரரிடம் ஒன்று. செவ்வாய்க்கிழமை, ஆட்கள் நடக்கும் இடத்தில் ஸ்கூட்டர் ஓட்டியவரிடம் ஒன்று. இது என் குணம்தானா, அல்லது வெயிலா என்று கவலையாகவும் இருந்தது. செவ்வாய் மாலை உட்கார்ந்து தாளைக் கூட்டினேன்.

இந்தியா நாற்பத்துமூன்று. ஜெர்மனி நாற்பத்துமூன்று.

மறுபடி கூட்டினேன். அதேதான். இரண்டு நாட்டிடமும் கண்டிப்பாக இருக்கப்போய், இரண்டும் மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தன. மனிதர் வாழ லாயக்கான இடம் எதுவும் இல்லை என்பதுதான் என் பத்து நாள் ஆராய்ச்சியின் முடிவு. தாளை மடித்து அண்ணியின் தையல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு யாழினிக்குச் சோறு ஊட்டப் போனேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

புதன்கிழமை காலை கழுத்து வெட்டுக்கு மாதிரி எடுக்க அண்ணிக்குக் காகிதம் வேண்டியிருந்தது. தாளைப் பிரித்தார். நான் சமையலறையிலிருந்து வந்தபோது கத்தரிக்கோல் ஒரு கையில், தாள் ஒரு கையில், கண்ணாடியை மூக்குநுனியில் இறக்கிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

"சுமதி, இருபதாவது என்னாது? உறவினர்னு போட்டு கீது. உறவினர்னா யாரு?"

"அண்ணி, அது வந்து..."

"பெங்களூர்ல உனக்கு வேற யாரு கீறாங்க? நாங்கதானே? மூணு மார்க் போட்டிருக்க."

"அஞ்சுக்குதான் அண்ணி. அஞ்சுக்கு மூணு. பர்ஸ்ட் கிளாஸ்."

"சரி, சாக்கு, போதும். பக்கத்துல என்னா? ஜெர்மனி, உறவினர், நாலு." கண்ணாடியைக் கழற்றினார். "அங்க உனக்கு யாரு?"

"யாருமில்ல அண்ணி."

"யாருமே இல்லாததுக்கு நாலு. எனக்கு மூணு."

அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கினால் தேவலை என்று நினைத்தேன். பொங்கவில்லை. கீழேயிருந்து அண்ணன் மேலே வந்து, நிலைமையைப் பார்த்து, தாளை வாங்கிப் படித்தார். "இந்த மூணு எங்க ரெண்டு பேருக்கும் சேத்தா, தனித்தனியாமா?" என்று கேட்டார். தனக்கு மட்டும் கூடுதலாக வந்திருக்கும் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது.

"நீங்க சும்னே இருங்க" என்றார் அண்ணி. "சுமதி, என் பேப்பர மறுபடி திருத்து. எங்க கொறஞ்சேன்னு சொல்லு. ரீவேல்யுவேஷன்."

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க..."

"தப்பால்லாம் எடுக்கல. காரணம் சொல்லு. சமையலா?"

"சமையலுக்கு அஞ்சும் போடலாம் அண்ணி."

"பின்ன?"

சொன்னேன். நான் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "வந்த நாள்லருந்து தெனமும் கேக்கறீங்க, ரெண்டாவது எப்பன்னு. காபி குடுக்கும்போது கேக்கறீங்க. துணி காயப்போடும்போது கேக்கறீங்க. நேத்து தெருவுல பூக்காரம்மா முன்னாடி கேட்டீங்க. எனக்கு மொத பிரசவத்துல பட்ட பயமே இன்னும் போகல. அங்க யாரும் கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான் நாலு."

மிஷின் சக்கரத்தை அண்ணி சும்மா ஒருமுறை சுற்றிவிட்டார். அது சுற்றி நின்றது.

"கேக்கறது தப்பா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தெனம் கேக்கறது கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார் அண்ணன்.

"சரி. கேக்கல. கேக்காட்டி எத்தினி?"

"நாலு, அண்ணி."

"போடு."

மூன்றை அடித்து நான்கு போட்டேன். அண்ணி எட்டிப் பார்த்தார். "இப்ப மொத்தம் எவ்ளோ?"

"நமக்கு நாப்பத்திநாலு. அவங்களுக்கு நாப்பத்திமூணு."

"அப்பிடின்னா?"

"நாங்க இங்க வரோம்னு அர்த்தம். எது ஜாஸ்தியோ அங்கன்னு உங்க தம்பி சொல்லியிருக்காரு."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "இரு இரு. என் ஒரு மார்க்லதான் நீங்க வரீங்களா?"

"ஆமா."

"எனக்கு வேணாம்டி அந்த மார்க்கு! நாளைக்கி தண்ணி வரலன்னா என் தம்பி இன்னா சொல்லுவான்? அக்காதான் ஒத்த மார்க்குக்கு அழுது இட்டாந்தான்னு சொல்லுவான். கொயந்தைக்கி ஜுரம் வந்தா என்னாலதான். அவன் ஆபீஸ்ல மேனேஜர் திட்டினாகூட என்னாலதான். மூணே போடு. நான் பாஸாய்ட்டேன், எனக்குப் போதும்."

"அப்ப எனக்கு தனியா ஒண்ணு..." என்று அண்ணன் தொடங்கினார்.

"யாருக்கும் வேணாம்!" நான்கின் மேல் அண்ணியே பேனாவால் அழுத்தி அடித்து, மூன்று என்று எழுத்தால் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்மேல் யாரும் திருத்தக்கூடாதாம்.

நான் சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரவில்லை. அண்ணி பயந்த பயம் அப்படியே என்னுடைய பயம். முடிவு யார் கையிலும் ஒட்டிவிடக்கூடாது என்றுதான் இந்தத் தாளே. அப்படியானால் கட்டம் போட்டுக் கொடுத்த என் கணவருக்கும் அதே பயமாகத்தானே இருக்கவேண்டும்? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனேன். கண்ணாடி அறை. வெளியே அண்ணி யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டுக்குப் பேசினால் குரல் போய்ச் சேர ஒரு நொடி ஆகும். திரும்பி வர இன்னொரு நொடி.

"மொத்தம் சொல்லு" என்றார் கணவர்.

"நாப்பத்திமூணு. அங்கயும் நாப்பத்திமூணு."

"சமமா? அப்ப அரை மார்க் போட்டுப் பாக்கலாமா?"

"வேணாங்க. எனக்கு இங்க வரணும்."

ஒரு நொடி போனது. இன்னொன்றும்.

"எந்தக் கட்டத்துல ஜாஸ்தி?"

"கட்டத்துல இல்ல. எனக்கு வேணும். இங்க நான் நாலு பேரோட சண்டை போட்டிருக்கேன். எனக்கு நல்லா தூக்கம் வருது."

"இத ஏன் போறதுக்கு முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்ட இருபதுல அது இல்லயே. எனக்கு என்ன வேணும்னு ஒரு கேள்வி இல்லயே."

அவர் குரல் வந்தது, மெதுவாக.

"எனக்கு இங்கயே இருக்கணும், சுமதி."

அந்த மனிதரோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்துகிறேன். அவருக்கு ஒன்று வேண்டும் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அங்க என்ன பிடிச்சிருக்கு?"

"யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. சாயங்காலம் நடந்துபோனா யாரும் நிறுத்தி எவ்ளோ சம்பளம்னு கேக்கமாட்டாங்க. அது பிடிச்சிருக்கு."

"அதான் எனக்குப் பிடிக்கல!" என்றேன். அதற்கு நான்கு மார்க் போட்டவளும் நான்தான். சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. நான் பேசும்போது அவருடைய பழைய பதில் வந்து சேர்ந்தது. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். "நீ சொல்லு." "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ..." மறுபடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு எந்தப் புருஷன் பெண்டாட்டியும் சண்டை போடமுடியாது.

"சுமதி, இது போன்ல ஆகாது" என்றார் கடைசியில். "நான் கெளம்பி வரேன். நேர்ல வந்து சண்டை போடறேன்."

"கம்பெனிக்கு என்ன சொல்லுவீங்க?"

"ரெண்டு வாரம் டைம் கேக்கறேன். வீட்ல சண்டை, முடிச்சிட்டுச் சொல்றேன்னு."

"அப்படியே சொல்லுவீங்களா?"

"பின்ன? லீவுக்கும் அதேதான் எழுதிக் குடுக்கப்போறேன். செவ்வாய்க்கெழம ப்ளைட் இருக்கான்னு பாக்கறேன்."

வெளியே வந்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு யாழினியை இறக்கிவிட்டார். "இன்னாடி சொல்றான்?"

"சண்டை போட வராராம் அண்ணி. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கெழமயா?" அண்ணி திடுக்கிட்டார். "செவ்வாய்க்கெழம நம்ம வூட்ல கறி எடுக்கமாட்டோமே. அவ்ளோ தூரத்துலர்ந்து வரான், சாம்பார் சோத்தத் துன்னுட்டு இன்னா சண்டை போடுவான்? நீதான் இன்னா போடுவ? புதன்கெழம வரச் சொல்லு. போ, திரும்பிப் போய்ச் சொல்லு."

நான் திரும்பவும் கண்ணாடி அறைக்குள் போய்ப் போனை எடுத்தேன்.